அப்பா மாற்றிய ஆணி

பித்தளை ஆணியே இருந்திருந்தால் அத்தையின் குழந்தை பிழைத்திருக்குமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் இந்த மாதம் அதை ஒதுக்கி வைக்க முடியாமல் தவிக்கிறேன். ஐப்பசியில் எனக்கு இரண்டாவது பிரசவம். அதற்குள் என் அப்பாவைப் பற்றி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். என்னைப் போல இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இருக்கும் சகோதரிகள் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மகள் தூங்கும் நேரத்தில்தான் எழுத முடிகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினால் முந்திரிக்காடுகளைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, ரோடு முடிகிற இடம். அக்கரைக்குப் போனால் கும்பகோணம் பஸ் கிடைக்கும். கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் படகுதான். பாலம் கிழக்கே வெகு தூரம். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். அந்தப் படகை ஓட்டியவர் என் அப்பா.

எங்கள் தெருவில் எல்லோரும் தலைமுறையாக அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். அப்பா மட்டும் ஒரு பண்ணைக் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓட்டப் பழகி, அங்கிருந்து படகுத்துறைக்கு வந்தார். முதலில் கழி ஊன்றித் தள்ளும் படகு. பிறகு நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பழைய மோட்டார் வாங்கி வந்தார். படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார். மேலே இன்ஜின், நடுவில் நீளமான கால், தண்ணீருக்குள் மூன்று இதழ் விசிறி. கருவாடு ஏற்றி வந்த லாரியில் கோணிப்பை சுற்றி வந்து இறங்கியது. அந்த வாடை அதை விட்டுப் போகப் பல நாள் ஆயிற்று. மூடியின் கொக்கி உடைந்திருந்ததால் சைக்கிள் டியூப்பைக் கிழித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஊரில் அதை மிசின் என்றுதான் சொல்வார்கள்.

பெரிய தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் வர மாட்டார்கள். படகில் ஏறினால் எங்களோடு ஒரே பலகையில்தான் உட்கார வேண்டும். அப்பா கயிற்றைச் சுற்றி இழுத்து மிசினைக் கிளப்பும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பற்றி அப்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் மிசின் நடு ஆற்றில் நின்றுவிட்டால் அவர் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி நடை முடிந்ததும் மிசினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆற்று வண்டல் உள்ளே தங்கிவிடக் கூடாது என்று, ஒரு இரும்பு டிரம்மில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அதில் மிசினின் காலை இறக்கிக் கொஞ்ச நேரம் ஓட்டுவார். நீலப் புகை கொல்லை முழுக்கப் பரவும். கொசு ஓடிவிடும் என்பதால் அந்த ஒன்று மட்டும் அம்மாவுக்குப் பிடிக்கும். மற்றதெல்லாம் சண்டைதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் கரியைத் தேய்த்துவிட்டு, ஈரம் காய அதை அடுப்பு ஓரத்தில் வைப்பார். சோறு பெட்ரோல் நாறுகிறது என்று அம்மா பிளக்கை இடுக்கியால் எடுத்து வெளியே எறிவாள். அந்த மிசினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் உள்ளே இறுகிப்போகும், கூடினால் பிளக் கரி பிடித்து அணைந்துவிடும். கலக்கும்போது அப்பா யாரோடும் பேச மாட்டார்.

எனக்கு ஒரே ஒரு வேலை. மிசின் ஓடும்போது அதன் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து நூல் போலத் தண்ணீர் பீய்ச்சும். சூட்டைத் தணிக்கிற தண்ணீர் உள்ளே ஒழுங்காகச் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நின்றால் உடனே சொல்ல வேண்டும். அப்பா மிசினை அணைப்பார். நான் விளக்குமாற்று ஈர்க்கை ஓட்டைக்குள் விட்டு மண்ணைக் குத்தி எடுப்பேன். எத்தனையோ நடை அக்கரைக்குப் போய் வந்திருக்கிறேன். ஆற்றைப் பார்த்ததாக நினைவில்லை. அந்த நூல் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் மகள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். வீட்டுக்காரர் சிரிப்பார்.

ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசிறியைத் தண்டோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்னப் பித்தளை ஆணி. கொள்ளிடத்தில் இன்று மணல் திட்டு இருக்கிற இடத்தில் நாளைக்கு இருக்காது. விசிறி திட்டில் மோதினால் அந்த ஆணி பட்டென்று உடையும். இன்ஜின் ஓடும், விசிறி சுற்றாது. அப்பா மிசினைப் பின்னால் சாய்த்துத் தூக்கி, உடைந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புது ஆணி போடுவார். வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிந்துவிடும். மிசினை விற்றவர் ஒரு டப்பா நிறையப் பித்தளை ஆணி கொடுத்திருந்தார். ஏன் அத்தனை என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. பெரிய தெருவிலிருந்து வருகிற ஒருவர், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, கழிப் படகே தேவலை, அது நின்னு பார்த்ததில்ல என்பார். அப்பா ஆணியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் ஆவணியில் அத்தையை முதல் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் முன்பே காலமாகிவிட்டதால் அண்ணன் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. பாடாலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே, அப்பா மிசினுக்குத் தூசி படாமல் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, பாத்தீங்களா, சக்களத்திக்குச் சேல கட்டி வுடுறாரு உங்க வூட்டுக்காரரு."

"கட்டட்டும். சோறு கேக்காத சக்களத்திதான" என்றாள் அம்மா.

"சோறு கேக்கலன்னா என்ன, பெட்ரோலா குடிக்கிறா."

அப்பா சத்தமாகச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் அத்தையைப் பார்த்த லேடி டாக்டர், பிள்ளை தலை மேலும் கால் கீழுமாக இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி எடுத்ததும் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். முன்கூட்டியே அக்கரையில் தெரிந்தவர் வீட்டில் போய்த் தங்கலாம் என்றாள் அம்மா. படகு நம்மிடம் இருக்கும்போது எதற்கு அடுத்தவர் வாசலில் கிடக்க வேண்டும் என்றார் அப்பா. அது வீறாப்பு என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்த ஆணிதான் கவலை. அத்தையை ஏற்றிக்கொண்டு போகும்போது நடு ஆற்றில் உடைந்தால் என்ன செய்வது? படகில் அப்பாவோடு கழி பிடிக்கிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர். வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் நுனியில் செருகுகிற ஆணியை எங்கள் பக்கம் கடையாணி என்போம். மாமாதான் அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தார்.

"கடையாணிய யாராச்சும் பித்தளையில போடுவாங்களா மாமா? இரும்புல போட்டாத்தான வண்டி நிக்கும். வித்தவன் மட்டமானதக் குடுத்து ஏமாத்திட்டான்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அம்மாவுக்கும் பட்டது. எங்கள் ஊரில் வண்டி தெரியும், ஆயில் இன்ஜின் தெரியும். ஆற்றில் ஓடுகிற மிசினைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா அரியலூருக்குப் போய், லேத்துப் பட்டறையில் நல்ல எஃகுக் கம்பியில் அதே அளவுக்கு ஆணி கடைந்து வாங்கி வந்தார். காகிதத்தைப் பிரித்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். மூக்குத்தி வாங்கி வரச் சொன்னால் ஆணி வாங்கி வந்திருக்கிறாயே என்று அத்தை கேலி செய்தாள். அப்பா கோபப்படவில்லை. "ஒனக்காவத்தான் புள்ள" என்றார்.

புரட்டாசி முழுக்க மிசின் ஒருநாளும் நடுவில் நிற்கவில்லை. குடைக்காரர்கூட, இப்பத்தான் உருப்படியா ஓடுது என்றார். அந்த மாதம் ஆறு கரை தொட்டு ஓடியது, திட்டுகளெல்லாம் ஆழத்தில் கிடந்தன, விசிறி எதிலும் மோதவே இல்லை. இதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். அப்போது எல்லோரும் ஆணியைத்தான் மெச்சினார்கள்.

ஐப்பசியில் மேற்கே மேலணையில் தண்ணீரைக் குறைத்ததால் ஆற்றில் திட்டுகள் மேலே வந்திருந்தன. ஆனால் எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டு, வடக்கே ஓடை ரோட்டை அறுத்துவிட்டது. ஜெயங்கொண்டம் பஸ் வரவில்லை. அப்படி ஒரு விடியற்காலையில், நாளுக்கு முன்னாலேயே, அத்தைக்கு வலி எடுத்தது.

படகில் வைக்கோல் பரப்பிப் பாய் போட்டு அத்தையைப் படுக்க வைத்தார்கள். அம்மா தலைமாட்டில் குடை பிடித்தாள். மாமா முன்னால் கழியோடு நின்றார். என்னை எதற்கு இந்த நேரத்தில் கூட்டிப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டாள். தண்ணி பாக்க ஆளு வேணும் என்றார் அப்பா. நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரே இழுப்பில் மிசின் பிடித்துக்கொண்டது. அப்பா அத்தையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தப் பருவம் முழுக்க அவர் பட்ட பாட்டுக்குக் கிடைத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

பாதி ஆற்றைத் தாண்டியிருப்போம். அடியில் ஏதோ இடித்தது. மிசின் முனகியது. உள்ளே கல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். பிறகு இன்ஜின் மட்டும் வீறிட்டு ஓடியது, படகு நகரவில்லை. நான் ஓட்டையைப் பார்த்தேன். தண்ணீர் நூலாக வந்துகொண்டே இருந்தது. அதனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பா பழக்கப்படி மிசினை அணைத்துச் சாய்த்துத் தூக்கினார். நட்டைக் கழற்றினார். எத்தனையோ தடவை செய்த வேலை.

அத்தை தலையைத் திருப்பி, "என்னண்ணே, ஆணி ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

அப்பா ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இல்லம்மா. ஆணி ஒடையல."

பித்தளை ஆணி டப்பா அவர் காலடியில்தான் இருந்தது. அதை எடுத்துத் திறந்தார். மூடினார். விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கிற பல்சக்கரம் நொறுங்கிப்போய், தூளெல்லாம் கரகரவென்று உருண்டது.

கழி தரை தொடுகிற இடத்தில் மாமா தள்ளினார். தொடாத இடத்தில் ஆறு எங்களை இழுத்துக்கொண்டு போனது. அப்பா ஒரு பலகையைப் பெயர்த்துத் துடுப்பாகப் போட்டார். அத்தை கத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான துறையிலிருந்து வெகுதூரம் கீழே, நாணல் மண்டிய ஒரு கரையில் ஒதுங்கினோம். வண்டி எதுவும் இல்லை. வயலில் நின்றவர்கள் ஓடிவந்து, அம்மாவின் மாற்றுச் சேலையில் தூளி கட்டி மூங்கிலில் கோத்து அத்தையைத் தூக்கிப் போனார்கள். அப்பாவும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நானும் மாமாவும் படகிலேயே இருந்தோம். மழைத் தண்ணீரை இறைக்கச் சொன்னார் மாமா. இறைக்க இறைக்கச் சிவப்பும் பச்சையுமாக வளையல் துண்டுகள் வந்தன.

சாயங்காலம்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்களாம். அத்தை பிழைத்துக்கொண்டாள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை.

அங்கே நடந்தது நான் காதால் கேட்டது. இரண்டு விதமாகக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டதாக அப்பா சொன்னார். குழந்தையைத் துடைத்துக் கொடுத்த நர்ஸ், இது எப்போதோ போயிருக்கும் போலிருக்கிறது, படகு ஏறும்போதே இருந்ததோ என்னமோ என்று சொன்னதாக அம்மா சொல்கிறாள். அப்பா இதை நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக அம்மா சொல்கிறாள் என்று நினைக்கிறார். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். சில நாள், டாக்டர் எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்பதுதான் அது என்று தோன்றும்.

சொந்தக்காரர்கள் ஆணியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வூட்டுக்கு ராசி இல்லை, அங்க பிரசவத்துக்குப் பொண்ண அனுப்பக் கூடாது என்று பேசினார்கள். ஆணிக்குப் பதிலாக வீட்டைச் சொன்னார்கள். அப்பா அதற்கும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. அந்த வருஷம் தை வரைக்கும் கழி ஊன்றியே படகு ஓட்டினார். பிறகு துறையை விட்டுவிட்டு, அரியலூரில் சுண்ணாம்புக்கல் குவாரியில் காவல் வேலைக்குப் போனார். நாங்களும் அங்கே குடிபோனோம். மிசின் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் ஃபியூஸ் கம்பியைப் பற்றிப் பாடம் நடத்தினார். வீட்டில் மற்ற எதுவும் எரிந்துவிடாமல் இருக்க, தான் முதலில் அறுந்துபோவதற்காகவே அதை மெல்லியதாகப் போடுகிறார்கள் என்றார். ஆணி டப்பா எனக்கு நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு வெளியே போனேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. படகில் நட்டைக் கழற்றிய நிமிஷமே அவருக்கு அது தெரிந்துவிட்டது.

எனக்குப் பெரம்பலூரில் கல்யாணம் ஆயிற்று. தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது வளைகாப்புக்கு அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டோடு வந்தார்கள். வளையல் போட்டு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவதுதானே முறை. நான் துணிப்பை எல்லாம் கட்டி வைத்திருந்தேன். அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மாமியார் முன்னால் நின்றார்.

"ஆஸ்பத்திரி இங்க பக்கத்துலயே இருக்கு. பாப்பா இங்கயே இருக்கட்டுங்க."

"முத பிரசவத்துக்குப் பொண்ணு வேணாம்னு சொல்ற வூட்ட இப்பத்தாங்க பாக்கறேன்" என்றார் மாமியார்.

"ஆமாங்க" என்றார் அப்பா.

கட்டிய பையை நான் அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. மகள் பிறந்தபோது அம்மா மட்டும் வந்தாள். அப்பா ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, நல்லபடியாகப் பிறந்தது என்று தெரிந்ததும் உள்ளே வராமலே பஸ் ஏறிவிட்டார்.

குழந்தையைப் பார்க்க அத்தை பாடாலூரிலிருந்து வந்தாள். அவளுக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள், இரண்டும் திருச்சியில் பிறந்தவை. முன்போல் கேலி செய்வதில்லை. என் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பன் அந்த ஆணிய எனக்காவத்தான் மாத்துச்சுன்னு எனக்குத் தெரியும் மருமவளே. அண்ணன் மேல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அந்த ஆளு மொகத்தப் பாத்தா எனக்கு அந்தப் புள்ள ஞாவகந்தான் வருது. நான் என்ன பண்ண?" நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டுக்காரர் வேலையை விட்டு இருக்க முடியாது. இந்த முறை அரியலூரில் அம்மா வீட்டில் இருந்தால்தான் மகளையும் பார்த்துக்கொள்ள முடியும். அங்கே ஆறு இல்லை. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. போன வாரம் அம்மா முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவை வந்து என்னைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் என்றேன். அம்மா வெகுநேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீயா கேக்காத" என்றாள். "நீ கேட்டா அந்த மனுசன் வந்துருவாரு. அப்பறம் ஒனக்கு ஒண்ணுன்னா உசுரோட இருக்க மாட்டாரு."

அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், பாப்பாவுக்குப் பிரசவம் ஐப்பசியிலயா என்று கேட்டாராம்.

சகோதரிகளே, கூப்பிட்டால் அவர் தலையில் அந்தப் பயத்தைத் தூக்கி வைத்தவள் ஆவேன். கூப்பிடாவிட்டால், ஊரோடு சேர்ந்து நானும் அவரை ஒதுக்கிவிட்டேன் என்றே எடுத்துக்கொள்வார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. நான் படித்தவள்தான். ராசி பார்க்கிறவள் இல்லை. இருந்தும் அப்படி இருந்தது. அந்த நிம்மதியோடு அவர் முகத்தைப் பார்த்து, வாங்கப்பா என்று எப்படிச் சொல்வது?

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்திருக்கலாம். அவரைக் கூப்பிட்டீர்களா? என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டீர்கள்? எனக்கு ஆறுதல் வேண்டாம். நீங்கள் செய்தது என்ன, அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். ஆவணி முடியப்போகிறது. நான் இன்னும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.